110 நிமிஷம்: ஒரு பெட் ஸ்கேன் மருந்து எப்படித் தயாராகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இந்தப் பாட்காஸ்ட்ல சர்வர், நெட்வொர்க், ஆப்னு நான் வேலை பார்க்கிற உலகத்தைப் பத்தித்தான் பேசுவோம். இன்னிக்கு அப்படி இல்ல, ஒரு கெமிஸ்ட்ரி கதை. இன்ஜினியரிங் முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில அரியர் வச்சவன் நான், அதனால ரொம்பப் பயந்துதான் இந்த எபிசோடைத் தயார் பண்ணேன். ஆனா சொல்லாம இருக்க முடியல. ஏன்னா இது எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்குது.

அம்மாவுக்கு லிம்போமா. நிணநீர் மண்டலத்துல வர்ற புற்றுநோய். ரெண்டு சைக்கிள் கீமோ முடிஞ்சதும் ஒரு பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. மருந்து வேலை செய்யுதா, இதையே தொடரலாமா, மாத்தணுமான்னு டாக்டர் அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவார். அதனால அந்த ஸ்கேன் தேதி எங்க வீட்டு காலண்டர்ல சிவப்புப் பேனாவில வட்டம் போட்ட தேதி.

அன்னிக்குக் காலையில அம்மா தண்ணி தவிர எதுவும் சாப்பிடல. எட்டரை மணிக்கே சென்டர்ல உட்கார்ந்துட்டோம். ஒன்பதாச்சு, பத்தாச்சு. பத்தே காலுக்கு ரிசப்ஷன்ல இருந்த அக்கா வந்து, "சார், இன்னிக்கு மருந்து வரல. பேட்ச் ஃபெயில் ஆயிடுச்சாம். நாளைக்கு வர முடியுமா?"ன்னு கேட்டாங்க.

நான் கத்திட்டேன். "மருந்து வரலன்னா ஸ்டாக் வச்சுக்க மாட்டீங்களா? இத்தனை பேர் பட்டினியா உட்கார்ந்திருக்காங்க, முந்தின நாளே வாங்கி வைக்கத் தெரியாதா?"ன்னு அத்தனை பேர் முன்னாடியும் கேட்டேன். அந்த அக்கா ஒண்ணும் சொல்லல. அம்மாதான் என் கையைப் பிடிச்சு, "விடுப்பா. இன்னிக்கு கிருத்திகைன்னு நினைச்சுக்கறேன். வா, ஒரு காபி குடிக்கலாம்"னாங்க.

அன்னிக்கு சாயங்காலமும் எனக்குக் கோவம் ஆறல. காலேஜ் சீனியர் ஒருத்தரோட அக்கா ரேடியோகெமிஸ்ட்டா இருக்காங்க. நம்பர் வாங்கிப் போன் பண்ணிப் புலம்பினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க சொன்னாங்க: "தம்பி, அந்த பேட்ச் உங்க அம்மாவுக்கு வந்து சேர்ந்திருந்தாதான் நீங்க கோவப்படணும்."

அந்த ஒரு வரி புரியறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்த வாரம் படிச்சதும், அந்த அக்காவைக் கேள்வி கேட்டுத் துளைச்சதும்தான் இந்த எபிசோட்.

சர்க்கரை மாதிரி ஒண்ணு

முதல்ல, அந்த மருந்து என்ன? மருந்துன்னு சொல்றோமே தவிர, அது எதையும் குணப்படுத்தாது. அதுக்குப் பேர் ட்ரேசர். உடம்புக்குள்ள போய், தான் எங்க இருக்கேன்னு வெளிய சிக்னல் அனுப்புற ஒரு மூலக்கூறு. பெட் ஸ்கேன்ல அதிகமாப் பயன்படுறது எஃப்.டி.ஜி, முழுப் பேர் ஃப்ளோரோடிஆக்ஸிகுளுக்கோஸ். பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. குளுக்கோஸ்ல ரெண்டாவது கார்பன்ல இருக்கற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியை எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு ஃப்ளோரின் அணுவை வச்சா அதான் எஃப்.டி.ஜி.

செல்லுக்குப் பசிச்சா குளுக்கோஸை உள்ள இழுக்கும். பல புற்றுநோய் செல்கள் சாதாரண செல்லைவிட ரொம்ப அதிகமா இழுக்கும். ஆட்டோ வார்பர்க்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி 1920-களிலேயே இதைக் கவனிச்சுட்டார். நம்ம எஃப்.டி.ஜி-யும் குளுக்கோஸ் மாதிரியே இருக்கறதால செல் ஏமாந்து உள்ள விட்டுடும். உள்ள போனதும் ஒரு நொதி அதுமேல பாஸ்பேட் ஒட்டும். குளுக்கோஸா இருந்தா அடுத்த கட்டத்துக்குப் போகும். எஃப்.டி.ஜி-யால போக முடியாது, ஏன்னா அடுத்த நொதிக்கு அந்த ரெண்டாவது கார்பன்ல ஆக்சிஜன் வேணும். பாஸ்பேட் ஒட்டினதால சட்டுனு வெளியவும் வர முடியாது. ஆக, எந்த செல் எவ்வளவு சர்க்கரை இழுத்துச்சோ, அந்த அளவுக்கு எஃப்.டி.ஜி அங்கேயே மாட்டிக்கிட்டு நிக்கும்.

பட்டினியா வரச் சொல்றதும் இதுக்குத்தான். காலையில நாலு இட்லி சாப்பிட்டுப் போனா ரத்தத்துல நிஜ சர்க்கரை கூடிடும், எஃப்.டி.ஜி அதோட போட்டி போடணும். படமும் மங்கிடும்.

சரி, மாட்டிக்கிட்ட மூலக்கூறு எப்படி சிக்னல் அனுப்பும்? அதுக்குத்தான் அந்த ஃப்ளோரின். சாதாரண ஃப்ளோரின் இல்ல, ஃப்ளோரின்-18. அதோட அணுக்கருவில 9 புரோட்டான், 9 நியூட்ரான். நிலையில்லாத அமைப்பு. ஒரு கட்டத்துல ஒரு புரோட்டான் நியூட்ரானா மாறும்போது பாசிட்ரான்னு ஒரு துகள் வெளிய வரும். அது எலக்ட்ரானோட எதிர்த்துகள். கொஞ்ச தூரத்திலேயே ஒரு எலக்ட்ரானைச் சந்திச்சு ரெண்டும் காணாமப் போயிடும். பதிலுக்கு ரெண்டு காமா கதிர்கள் நேர் எதிரெதிர் திசையில பறக்கும். ஸ்கேனர்ல வளையமா இருக்கற டிடெக்டர்கள் அந்த ரெண்டையும் ஒரே நேரத்துல பிடிச்சா, சம்பவம் நடந்தது அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்கற கோட்டுல எங்கயோன்னு தெரிஞ்சிடும். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்ததுதான் படம்.

கடிகாரத்தோட ஒரு பந்தயம்

இப்ப என் கேள்விக்கு வருவோம். ஏன் ஸ்டாக் வைக்க முடியாது?

ஃப்ளோரின்-18-ஓட அரை ஆயுள் சுமார் 110 நிமிஷம். அதாவது, இப்ப 1000 அணு இருந்தா 110 நிமிஷத்துல 500, அடுத்த 110 நிமிஷத்துல 250, அப்புறம் 125. ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் சரி, இரும்புப் பெட்டியில பூட்டினாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. ஒரு நாள் கழிச்சுப் பார்த்தா பத்தாயிரத்துல ஒரு பங்கு மிஞ்சினா பெரிசு. "முந்தின நாளே வாங்கி வைக்கத் தெரியாதா"ன்னு நான் கேட்டேனே, அதுக்கான பதில் இதுதான்.

அந்த அக்கா எனக்கு ஒரு நாளைப் பின்னாடியிருந்து போட்டுக் காட்டினாங்க. வேற ஊர்ல தயாராகி, வண்டியில மூணு மணி நேரம் வர்ற மருந்துன்னு வைங்க. ராத்திரி 2 மணிக்கு சைக்ளோட்ரான் ஓட ஆரம்பிக்கும். 4 மணி வரைக்கும் கதிர் வீச்சு. அதுக்கப்புறம் கெமிஸ்ட்ரி. 5 மணிக்கு மருந்து ரெடி. அப்ப கையில 1000 பங்கு இருக்குன்னா, 6:50-க்கு 500. வண்டி வந்து சேர்ற 8:40-க்கு 250. கடைசி நோயாளிக்கு ஊசி போடுற 10:30-க்கு 125. அதாவது கடைசி ஆளுக்கு ஒரு பங்கு வேணும்னா, விடியக்காலையில எட்டுப் பங்கு செஞ்சிருக்கணும்.

இவ்வளவு நெருக்கடியிலதான் கெமிஸ்ட்ரி நடக்குது. ஃப்ளோரின்-18-ஐ சர்க்கரை மூலக்கூறுல சரியான கார்பன்ல, சரியான பக்கத்துல பொருத்தணும். இதுக்குப் பேர்தான் ரேடியோலேபிளிங். லேபிள்னதும் டப்பாமேல ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி நினைச்சுக்காதீங்க. மூலக்கூறோட ஒரு அணுவையே மாத்தி வைக்கிற வேலை. சாதாரண வேதியியல்ல ஒரு வினைக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் கொடுக்கலாம். இங்க மெதுவாச் செஞ்சா, செஞ்சு முடிக்கும்போது பொருளே இருக்காது.

1976: விமானத்துல போன சர்க்கரை

இந்த மருந்தோட கதை மூளையில இருந்து ஆரம்பிக்குது. அமெரிக்காவுல லூயிஸ் சோகலாஃப்ங்கிற விஞ்ஞானி, விலங்குகளோட மூளையில எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரை எடுக்குதுன்னு அளக்க, கார்பன்-14 வச்ச டிஆக்ஸிகுளுக்கோஸைப் பயன்படுத்தினார். ஆனா கார்பன்-14-ல இருந்து வர்ற கதிர் மண்டையோட்டைத் தாண்டி வெளிய வராது. மூளையை வெட்டி எடுத்துத்தான் பார்க்கணும். மனுஷங்ககிட்ட அதைச் செய்ய முடியுமா? வெளிய இருந்தே பார்க்கற மாதிரி ஒரு லேபிள் தேவைப்பட்டுச்சு.

அந்த வேலையை எடுத்துக்கிட்டது நியூயார்க் மாநிலத்துல, லாங் ஐலண்ட்ல இருக்கற புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். ஆல்ஃபிரட் வுல்ஃப், ஜோனா ஃபவுலர், ஜப்பான்ல இருந்து வந்திருந்த டட்சுவோ இடோ. கார்பன்-11-ஐ ஏன் எடுக்கலன்னு கேட்டா, அதோட அரை ஆயுள் 20 நிமிஷம்தான். ஸ்கேனர் இருந்தது ஃபிலடெல்ஃபியாவுல, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல. 20 நிமிஷத்துல பாதியாகுற பொருளை வச்சுக்கிட்டு இன்னொரு மாநிலத்துக்குப் போக முடியாது. ஃப்ளோரின்-18-ன்னா போகலாம்.

அவங்க செஞ்ச முறை இது. நியான் வாயுவில டியூட்ரான் கதிரைப் பாய்ச்சி ஃப்ளோரின்-18 உண்டாக்கினாங்க. அது வந்தது ஃப்ளோரின் வாயுவா, ரெண்டு ஃப்ளோரின் அணு ஜோடியா சேர்ந்த வடிவத்துல. அந்த வாயுவை, இரட்டைப் பிணைப்பு இருக்கற ஒரு சர்க்கரைப் பொருள்மேல செலுத்தினாங்க. ரெண்டு ஃப்ளோரினும் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள்ல போய் உட்கார்ந்துக்கும். ஆனா எஃப்.டி.ஜி-க்குத் தேவை ஒண்ணுதான். இன்னொண்ணை அடுத்த படியில கழட்டிடணும். கழட்டிப் போடுறதுல கதிரியக்க ஃப்ளோரினும் போயிடும். ஆக, இந்த வழியில எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் பாதிக்கு மேல கிடைக்காது. போதாக்குறைக்கு ஃப்ளோரின் தப்பான பக்கத்துல உட்கார்ந்த மூலக்கூறும் கலந்து வரும், அதைப் பிரிச்சு எடுக்கணும். கடைசியில கிடைச்சது 10 சதவீதத்தை ஒட்டி. ஆன நேரம் சுமார் 2 மணி நேரம்.

அதையும் வச்சு சாதிச்சாங்க. 1976 ஆகஸ்ட்ல எஃப்.டி.ஜி விமானத்துல ஃபிலடெல்ஃபியா போச்சு. அங்க அபாஸ் அலவிங்கிற டாக்டர் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு அதை ஊசி மூலமா செலுத்தினார். உயிரோட இருக்கற ஒரு மனுஷனோட மூளை சர்க்கரை எடுக்கறதை எஃப்.டி.ஜி வச்சுப் படமாப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனா இந்த முறையில ஒரு ஊருக்கே மருந்து செய்ய முடியாது. ஒரு பேட்ச்ல சிலருக்குத்தான் வரும். பத்து வருஷம் இப்படித்தான் போச்சு.

1986: குடை மடங்குற ட்ரிக்

அடுத்த திருப்பம் ஜெர்மனியில, யூலிஷ் ஆய்வு மையத்துல. குர்ட் ஹாமாஹர், ஹைன்ஸ் கோனென், கெர்ஹார்ட் ஸ்டோக்லின். 1986-ல அவங்க வெளியிட்ட முறையோட வாரிசைத்தான் இன்னிக்கு உலகம் முழுக்க ஓட்டுறாங்க.

அவங்க ஃப்ளோரின் வாயுவை விட்டுட்டு ஃப்ளோரைடு அயனிக்கு வந்தாங்க. நம்ம டூத்பேஸ்ட்ல இருக்கே, அதே ஃப்ளோரைடு. அது கிடைக்கறதும் சுலபம். கனமான ஆக்சிஜன் இருக்கற தண்ணியை எடுத்துக்கணும், ஆக்சிஜன்-18. சாதாரண தண்ணியில ஆயிரத்துக்கு ரெண்டு ஆக்சிஜன் அணுதான் அப்படி இருக்கும், அதனால இதைத் தனியாச் செறிவூட்டி விக்கிறாங்க, விலையும் அதிகம். அதுல ரெண்டு மூணு மில்லிமேல சைக்ளோட்ரான்ல இருந்து புரோட்டான் கதிரைப் பாய்ச்சுவாங்க. ஆக்சிஜன் கருவுக்குள்ள ஒரு புரோட்டான் போகும், ஒரு நியூட்ரான் வெளிய வரும். 8 புரோட்டான் 10 நியூட்ரானா இருந்தது 9-க்கு 9 ஆகிடும். ஆக்சிஜன்-18 ஃப்ளோரின்-18 ஆயிடுச்சு.

ஆனா இங்க ஒரு சிக்கல். ஃப்ளோரைடு தண்ணியில இருந்தா சோம்பேறி. தண்ணி மூலக்கூறுகள் அதைச் சுத்தி நெருக்கமா நின்னுக்கும், எந்த வினைக்கும் விடாது. அதனால முதல்ல தண்ணியைப் பிரிக்கணும். ஒரு சின்ன வடிகட்டிக் குழாய் வழியா அனுப்பினா ஃப்ளோரைடு மட்டும் அதுல ஒட்டிக்கும், விலை அதிகமான தண்ணி வெளிய வந்துடும். அப்புறம் பொட்டாசியம் கார்பனேட் கரைசலால ஃப்ளோரைடைக் கழுவி எடுத்து, மிச்சமிருக்கற ஈரத்தையும் சூடு பண்ணி விரட்டணும்.

அப்பவும் பொட்டாசியம் அதை விடாது. ஃப்ளோரைடுக்கு எதிர்மின்சுமை, பொட்டாசியத்துக்கு நேர்மின்சுமை. ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். இதுக்கு கிரிப்டோஃபிக்ஸ்னு ஒரு மூலக்கூறு போடுறாங்க. அது ஒரு கூண்டு மாதிரி. பொட்டாசியம் அதுக்குள்ள கச்சிதமாப் போய் உட்கார்ந்துக்கும். ஃப்ளோரைடு தனியாளா, வினைக்குத் தயாரா நிக்கும். இந்தக் கூண்டு மூலக்கூறுகளை உருவாக்கின ஜான்-மாரி லேன் 1987-ல வேதியியல் நோபலைப் பகிர்ந்துக்கிட்டார்.

இப்ப சர்க்கரை. என் மரமண்டைக்கே பிடிச்சுப்போன இடம் இதுதான். ஃப்ளோரைடு ஒரு கார்பனை எப்பவும் பின்பக்கமா வந்து தாக்கும். முன்பக்கம் இருந்த குழு கழண்டு விழும். விழும்போது கார்பனோட மத்த கைகள் எல்லாம், காத்துல குடை மடங்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிடும். அப்ப குளுக்கோஸ்லயே ஆரம்பிச்சா என்ன ஆகும்? திரும்பிப்போய் வேற சர்க்கரை ஆயிடும். நமக்கு வேண்டிய எஃப்.டி.ஜி கிடைக்காது. அதனால அவங்க ஏற்கெனவே திரும்பியிருக்கற சர்க்கரையில ஆரம்பிச்சாங்க. அதுதான் மேனோஸ். குளுக்கோஸுக்கும் மேனோஸுக்கும் அந்த ரெண்டாவது கார்பன்ல மட்டும்தான் வித்தியாசம். அந்த இடத்துல சுலபமா கழண்டு விழக்கூடிய ட்ரைஃப்ளேட்ங்கிற குழுவை வச்சாங்க. மத்த நாலு கையிலயும் ஃப்ளோரைடு கைவைக்காம இருக்க அசிட்டைல் உறை போட்டாங்க. ஃப்ளோரைடு வந்து தாக்கும், குடை மடங்கும், மேனோஸ் வடிவம் குளுக்கோஸ் வடிவம் ஆயிடும். கடைசியா அமிலமோ காரமோ விட்டு உறைகளைக் கழட்டினா எஃப்.டி.ஜி.

பாதிக்கு மேல ஃப்ளோரின் பொருளா மாறிடுது. தப்பான பக்கம்ங்கிற பிரச்சினை அநேகமா இல்ல. நேரமும் ஒரு மணி நேரத்துக்குள்ள. இன்னிக்கு இருக்கற ஆட்டோமேட்டிக் பெட்டிகள்ல சுமார் அரை மணி நேரத்துல முடிஞ்சிடுது.

ஈயச் சுவருக்குப் பின்னாடி

அந்தப் பெட்டியைப் பத்திக் கேட்டப்போ எனக்கு ரொம்ப நெருக்கமான ஒண்ணாத் தோணுச்சு. ஹாட் செல்னு சொல்ற ஈயச் சுவர் வச்ச அறைக்குள்ள அந்தப் பெட்டி இருக்கும். ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக் குழாய், வால்வு, சிரிஞ்ச் எல்லாம் கேசட்டா வரும். மாட்டிவிட்டு, வெளிய கம்ப்யூட்டர்ல ஸ்டார்ட் பட்டன் அமுக்கணும். எந்த வால்வு எப்பத் திறக்கணும், எத்தனை டிகிரி, எத்தனை விநாடி எல்லாம் ஒரு ஸ்கிரிப்ட். நம்ம ஊர் பாஷையில சொன்னா டெப்ளாய்மென்ட் பைப்லைன்.

ஆனா எங்க வேலையில பைப்லைன் பாதியில நின்னா, லாக் பார்த்து, சரி பண்ணி, மறுபடி ரன் கொடுப்போம். அங்க பாதியில நின்னா உள்ள கை விட முடியாது, அவ்வளவு கதிரியக்கம். மறுபடி ஆரம்பிக்கணும்னா சைக்ளோட்ரான்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள நோயாளிகள் காத்திருக்கற நேரம் தாண்டிடும்.

சரி, பெட்டி நல்லபடியா ஓடி முடிஞ்சிடுச்சு. அப்பவும் மருந்து கிளம்பாது. டெஸ்ட் இருக்கு. கலங்கல் இல்லாம தெளிவா இருக்கா? அமிலத்தன்மை சரியா? ஃப்ளோரின் எல்லாம் சர்க்கரையிலதான் இருக்கா, இல்ல தனி ஃப்ளோரைடா சுத்துதா? தனியா சுத்தினா அது எலும்புல போய் ஒட்டிக்கும், படம் தப்பாயிடும். அரை ஆயுள் அளந்தா 110 நிமிஷம் காட்டுதா? காட்டலைன்னா வேற ஏதோ கதிரியக்கப் பொருள் கலந்திருக்கு. அந்தக் கூண்டு மூலக்கூறு, கிரிப்டோஃபிக்ஸ், மிச்சம் இருக்கா? அது நச்சு. வினைக்குப் பயன்படுத்தின கரைப்பான் மிச்சம் இருக்கா? பாக்டீரியாவோட நச்சுப்பொருள் இருக்கா?

இதுல ஒரு டெஸ்ட் என்னை உறைய வச்சிடுச்சு. ஊசி மருந்துல கிருமி இல்லைன்னு உறுதிப்படுத்துற ஸ்டெரிலிட்டி டெஸ்ட். மருந்தை வளர்ப்பு ஊடகத்துல விட்டு, ஏதாவது முளைக்குதான்னு 14 நாள் பார்க்கணும். 14 நாள்! மருந்தோட ஆயுளே அரை நாள் இல்ல. அதாவது ரிசல்ட் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மருந்து ஒருத்தர் உடம்புக்குள்ள போயிருக்கும். அப்ப எந்த நம்பிக்கையில அனுப்புறாங்க? மருந்து கடைசியா பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய ஒரு வடிகட்டி வழியாத்தான் குப்பிக்குள்ள போகும். வேலை முடிஞ்சதும் அந்த வடிகட்டியில காத்தழுத்தம் கொடுத்து, கிழிசல் இருக்கான்னு பார்ப்பாங்க. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு முன்னாடியே குமிழி வந்தா, மத்த எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகியிருந்தாலும் அந்த பேட்ச் நோயாளிகிட்ட போகக் கூடாது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. விடியக்காலை 5 மணி. வண்டி வெளிய நிக்குது. ஏழெட்டு நோயாளிகள் பட்டினியா கிளம்பிட்டு இருக்காங்க. ஒரு ரிசல்ட் சரியா வரல. சைக்ளோட்ரான் ஓடின காசு, தண்ணி காசு, ராத்திரித் தூக்கம் எல்லாம் போச்சு. "பரவால்ல, அனுப்பிடலாம்"னு சொல்ல எல்லாக் காரணமும் இருக்கு. அப்பவும் ஒருத்தர் 'ஃபெயில்'னு எழுதிக் கையெழுத்துப் போடுறார். கீமோவால எதிர்ப்புச் சக்தி குறைஞ்ச எங்க அம்மாவுக்கு அந்த ஊசி போகாம நின்னது அந்தக் கையெழுத்தாலதான். அந்த அக்கா சொன்ன வரி அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

வேற சுலபமான வழியே இல்லையா?

நானும் கேட்டேன். இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் பொருந்தாது. டெக்னீசியம்-99எம்னு ஒரு ஐசோடோப்பு, எலும்பு ஸ்கேன் மாதிரி வேற வகை ஸ்கேன்களுக்குப் பயன்படுது. அரை ஆயுள் 6 மணி நேரம். இதுக்கு சைக்ளோட்ரான் பக்கத்துல இருக்கணும்னு இல்ல. மாலிப்டினம்-99 வச்ச ஜெனரேட்டர்னு ஒரு பெட்டி ஆஸ்பத்திரிக்கே வரும். மாலிப்டினம் சிதைஞ்சு டெக்னீசியம் ஊறிக்கிட்டே இருக்கும். தினமும் உப்புத்தண்ணி விட்டுக் கறந்துக்கலாம். நிஜமாவே அதை மாட்டைக் கறக்கறதுன்னுதான் சொல்றாங்க. இந்த ஜெனரேட்டரும் 1950-களோட கடைசியில அதே புரூக்ஹேவன்ல உருவானதுதான். கறந்ததை ரெடிமேட் கிட் குப்பியில விட்டுக் குலுக்கினா, அநேகமா வேலை முடிஞ்சுது.

பெட் ஸ்கேன்லயும் அப்படி ஒண்ணு உண்டு, கேலியம்-68. அரை ஆயுள் 68 நிமிஷம். ஜெர்மானியம்-68 ஜெனரேட்டர்ல இருந்து கறக்கலாம். கேலியம் ஒரு உலோகம், அதனால பிணைப்பு உடைச்சுக் கட்டுற வேலை இல்ல. ட்ரேசர் மூலக்கூறோட ஒரு முனையில ஏற்கெனவே ஒரு கூண்டு கட்டி வச்சிருப்பாங்க. சரியான அமிலத்தன்மையில, தேவைப்பட்டாச் சூடு பண்ணினா, சில நிமிஷத்துல கேலியம் கூண்டுக்குள்ள போயிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கும், நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கும் இப்படி ட்ரேசர் இருக்கு.

அப்ப குளுக்கோஸ்லயும் ஒரு கூண்டைக் கட்டிடலாமேன்னு கேட்டேன். அக்கா சிரிச்சாங்க. "தம்பி, அந்தக் கூண்டு குளுக்கோஸைவிடப் பெரிசு. சைக்கிள்மேல லாரியை ஏத்துற மாதிரி. செல்லு அதைச் சர்க்கரைன்னு நம்பவே நம்பாது." பெரிய மூலக்கூறுல ஒரு ஓரமா கூண்டு தொங்கினா உடம்பு பொறுத்துக்கும். சர்க்கரை மாதிரிக் குட்டி மூலக்கூறுல ஒரே ஒரு அணுவைத்தான் மாத்த முடியும். அதனாலதான் அந்த ராத்திரி 2 மணி வேலையைத் தவிர்க்க முடியல.

மறுநாள்

மறுநாள் மருந்து வந்துச்சு. சின்னக் குப்பிதான், ஆனா கனமான ஈய உறைக்குள்ள. அம்மாவுக்கு ஊசி போட்டு, ஒரு மணி நேரம் அமைதியாப் படுக்க வச்சாங்க. பேசக்கூட வேண்டாம்னாங்க, ஏன்னா எந்தத் தசை வேலை செஞ்சாலும் அது சர்க்கரையை இழுக்கும். அம்மாவால ஒரு மணி நேரம் பேசாம இருக்க முடியும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அந்த மாதிரி ஒரு ஊசியில எவ்வளவு ஃப்ளோரின்-18 இருக்கும்னு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வழக்கமான 10 மில்லிகியூரி டோஸ்னு வச்சுக்கிட்டா, சுமார் மூன்றரை லட்சம் கோடி அணுக்கள். கேக்கப் பெரிசா இருக்கும். எடை பார்த்தா ஒரு கிராம்ல ஆயிரம் கோடியில ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியற அளவே இல்ல. இதுக்குத்தான் அத்தனை பாடு.

உங்க வீட்டுல யாராவது பெட் ஸ்கேனுக்குப் போறாங்கன்னா சில விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. பட்டினி நேரத்தை சென்டர் சொல்ற மாதிரியே கடைப்பிடிங்க, சர்க்கரை போடாத காபியா இருந்தாலும் கேட்டுட்டுக் குடிங்க. சர்க்கரை நோய் இருந்தா மாத்திரை, இன்சுலின் பத்தி முன்னாடியே கேளுங்க. முந்தின நாள் ஜிம், கடினமான வேலை வேண்டாம். ரிப்போர்ட்ல ஏதாவது பளிச்சுன்னு தெரிஞ்சா உடனே கூகுள் பண்ணிப் பயப்படாதீங்க. மூளை, இதயம், சிறுநீர்ப்பை எல்லாம் இயல்பாவே பளிச்சுன்னு தெரியலாம். காசநோய் மாதிரித் தொற்று இருந்தாலும் தெரியும். டாக்டர் சொல்லட்டும். அப்புறம், மருந்து வரலைன்னு சொன்னா, ரிசப்ஷன்ல இருக்கறவங்ககிட்ட கத்தாதீங்க.

நான் ஸ்கேன் முடிஞ்சு வெளிய வரும்போது அந்த அக்காகிட்ட போய், "நேத்து பேசினதுக்கு மன்னிச்சிடுங்க அக்கா"ன்னேன். "பரவால்ல சார், எல்லாரும் கேக்கறதுதான்"னாங்க. எல்லாரும் கேக்கறதுதான்னு அவங்க சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அம்மாவோட ரிப்போர்ட் பத்தி, அம்மா சொல்லச் சொன்னதை மட்டும் சொல்றேன்: அதே மருந்தைத் தொடரலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

கடைசியா ஒரே ஒரு விஷயம். செல்லுக்குள்ள மாட்டிக்கிட்ட அந்த ஃப்ளோரின்-18 கடைசியில என்ன ஆகும் தெரியுமா? சிதைஞ்சதும் அது மறுபடி ஆக்சிஜன்-18 ஆயிடும். அதாவது ராத்திரி 2 மணிக்கு எந்தத் தண்ணியில இருந்து கிளம்புச்சோ, அதே அணு. பக்கத்துல இருந்து ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கிட்டா, எஃப்.டி.ஜி சாதாரண குளுக்கோஸ் வடிவத்துக்கு வந்துடும். இத்தனை நேரம் அதை ஜீரணிக்கத் தெரியாம நின்ன செல், இப்ப வழக்கமான சர்க்கரையா நினைச்சுச் சாப்பிட்டுடும்.

அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப முந்தின நாள் குடிச்ச காபி மாதிரிதான்"னாங்க.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, ஸ்கேனுக்குக் காத்திருக்கற யாருக்காவது அனுப்புங்க. அடுத்த வாரம் மறுபடியும் சர்வர் பக்கம் போயிடலாம்.